வெட்டும் உயரமும் கீறும் தேவையும்

பிரிட்டனில் வீட்டுத் தோட்டம் என்றால் அதில் பெரும்பாலும் ஒரு புல்தரை இருக்கும். மார்ச் கடைசியில் மண்ணின் குளிர் விடத் தொடங்கியதும் தோட்டக் கருவிக் கடைகளில் இரண்டு இயந்திரங்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். ஒன்று புல்வெட்டி. மற்றொன்று ஸ்காரிஃபையர் என்ற கீறும் இயந்திரம். சுழலும் தண்டில் வரிசையாகப் பொருத்திய எஃகுப் பற்கள் புல்லுக்கு நடுவே இறங்கி, அடியில் படிந்த சருகையும் பாசியையும் கிழித்து மேலே கொண்டுவந்து போடும். வாங்குபவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் யோசிக்கிறார்கள். புல்வெட்டியை எஞ்சினின் திறன், அகலம், விலை ஆகியவற்றை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கீறுவதை ஆண்டுக்கு ஒருமுறை செய்தே தீர வேண்டிய கடமையாக எண்ணுகிறார்கள். இந்தப் பிரிவினை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு புல்தரையை எவ்வளவு கீற வேண்டும், கீற வேண்டுமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, அதை எந்த உயரத்தில், எவ்வளவு கூர்மையான அலகால், எத்தனை நாளைக்கு ஒருமுறை வெட்டுகிறோம் என்பதுதான். மீதியைத் தீர்மானிப்பது மண். கீறும் இயந்திரம் இந்த இரண்டின் விளைவைத்தான் கையாள்கிறது, காரணத்தைத் தொடுவதில்லை.

முதலில், கீறி எடுக்கப்படுவது என்ன என்று பார்க்க வேண்டும். பச்சை இலைக்கும் மண்ணுக்கும் இடையில் பழுப்பு நிறத்தில் நார்நாராக ஒரு அடுக்கு இருக்கும். ஆங்கிலத் தோட்டக்காரர்கள் தாட்ச் என்று சொல்லும் இதைச் சருகுமெத்தை எனலாம். வெட்டிய புல் நுனிகள் குவிந்து உண்டாவது இது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது சரியல்ல. புல் நுனியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். மீதியும் மென்மையான திசு என்பதால் சில வாரங்களில் மட்கிவிடும். சருகுமெத்தையில் இருப்பவை தரையோடு படரும் தண்டுகள், நிலத்தடித் தண்டுகள், இலையுறைகள், செத்த வேர்கள். லிக்னின் மிகுந்த இந்தப் பாகங்கள் மெதுவாகத்தான் மட்கும். அவை உருவாகும் வேகத்துக்கு ஈடாக மட்குமானால் அடுக்கு மெல்லியதாகவே நிற்கும். அரை அங்குலத்துக்கும் குறைவான அடுக்கு நல்லதும்கூட. காலடி அழுத்தத்தைத் தாங்கும், மண்ணின் ஈரத்தைக் காக்கும். அதற்கு மேல் தடித்தால்தான் கேடு. மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் மெத்தையிலேயே தங்கும். வேர்களும் மண்ணுக்குப் போகாமல் அந்த மெத்தையிலேயே ஓடும். வெயில் காலத்தில் மெத்தை காயும்போது வேரும் சேர்ந்து காயும். பூஞ்சை நோய்களுக்கும் அந்த ஈரமான நார் வசதியான இடம்.

அப்படியானால் சருகு ஏன் சில இடங்களில் மட்கிப் போகிறது, சில இடங்களில் குவிகிறது? இதற்கு மிகப் பழைய சான்று இங்கிலாந்திலேயே இருக்கிறது. ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஹார்ப்பெண்டன் ஊரில் உள்ள ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் இருவரும் 1856இல் பார்க் கிராஸ் என்ற பரிசோதனையைத் தொடங்கினார்கள். ஒரு பழைய புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் வெவ்வேறு உரம் இட்டு வந்தார்கள். பரிசோதனை இன்றுவரை நடக்கிறது. அங்கே அமோனியம் சல்ஃபேட் தொடர்ந்து பெற்று, சுண்ணாம்பு பெறாத பாத்திகளில் மண் கடும் அமிலமாகியது. மண்புழுக்கள் அற்றுப்போயின. செத்த புல் மட்காமல் மண்ணின் மேல் கரிய பாய்போலப் படிந்தது. சில அடி தள்ளி, சுண்ணாம்பு இட்ட பாத்திகளில் அப்படி எதுவும் இல்லை. தட்பவெப்பம் ஒன்று, மழை ஒன்று, நிலம் ஒன்று. வேறுபாடு மண்ணின் வேதியியலிலும் அதில் வாழும் உயிர்களிலும்தான். மண்புழுக்கள் இலைச்சருகை உள்ளிழுத்து, மண்ணோடு கலந்து வெளியே தள்ளுவதைச் சார்ல்ஸ் டார்வின் 1881இல் வெளியிட்ட தம் கடைசி நூலில் விரிவாகக் காட்டியிருந்தார். அமெரிக்காவின் கெண்டக்கி பல்கலைக்கழகத்தில் டேனியல் பாட்டர் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வு அதைப் புல்தரைக்கே பொருத்திப் பார்த்தது. சருகுமெத்தைத் துண்டுகளை வலைப்பைகளில் இட்டுப் புதைத்தார்கள். மண்புழு நுழைய முடிந்த பைகளில் சருகு சிதைந்து மண்ணோடு கலந்தது. நுழைய முடியாத நுண்வலைப் பைகளில் அப்படிக் கலக்கவில்லை. பசுமை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போட்டு, மண்புழு எச்சம் அசிங்கமாக இருக்கிறதென்று புழுக்களையும் கொன்றுவிட்டு, பிறகு சருகை அகற்ற இயந்திரம் வாங்குவது, தானாக நடந்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு அதற்குக் கூலி கொடுப்பதாகும்.

மண்ணுக்கு அடுத்தது வெட்டு. மாடுகளும் ஆடுகளும் மேய்ந்த பின்னும் புல் தழைக்கக் காரணம், அதன் வளர்முனை தரையை ஒட்டி இருப்பதுதான். இலை அடியிலிருந்து வளர்ந்து மேலே தள்ளப்படுகிறது. அதனால் நுனியை இழப்பதில் புல்லுக்குப் பெரிய நட்டமில்லை. அடிக்கடி அளவாக வெட்டினால் பக்கத் தூர்கள் கிளைத்து அடர்த்தி கூடும். ஆனால் வேருக்கான உணவு இலையில்தான் தயாராகிறது. அமெரிக்க வேளாண் துறையின் ஃப்ராங்க்ளின் கிரைடர் 1955இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதைக் கண்முன் நிறுத்தியது. ஒரே வெட்டில் இலைப்பரப்பில் பாதிக்கு மேல் நீக்கியபோது, அவர் சோதித்த புல் இனங்களில் பெரும்பாலானவற்றின் வேர்கள் நாட்கணக்கில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டன. நீக்கிய அளவு கூடக்கூட நிறுத்தமும் நீண்டது. ஒரு முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதே என்று தோட்டக்காரர்கள் சொல்லும் விதிக்கு இதுவே அடிப்படை. இந்த விதியைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் அதன் கனம் புரியும். புல்லை 3 சென்டிமீட்டரில் வைத்திருக்க விரும்புகிறவர், அது 4.5 சென்டிமீட்டர் ஆகும்வரை காத்திருக்கலாம். 1.5 சென்டிமீட்டரில் வைக்க விரும்புகிறவர் 2.25இல் வெட்டியாக வேண்டும். வளர்ச்சி ஒரே வேகத்தில் இருந்தால், உயரத்தைப் பாதியாக்கியவர் இருமடங்கு முறை வெட்ட வேண்டும். மே மாத வளர்ச்சியில் அது வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை என்றாகிவிடும். அதற்கு நேரமில்லாதவர் தாழ்வாக வெட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் புல்லின் பாதி உடலை எடுக்கிறார். வேர் குட்டையாகிறது, தூர்களுக்கிடையே மண் தெரிகிறது, வெளிச்சம் தரைக்கு இறங்குகிறது. பாசிக்கு வேண்டியது அந்த இடைவெளிதான். பாசி புல்லைக் கொன்று இடம்பிடிப்பதில்லை. புல் விட்ட இடத்தில் குடியேறுகிறது. நிழல், நீர் தேங்கும் மண், மிதித்து இறுகிய நிலம், உரமின்மை ஆகியவையும் அதே வேலையைச் செய்யும். ஆனால் இவற்றில் வீட்டுக்காரர் ஒரு நெம்புகோலை நகர்த்தி மாற்றக்கூடியது வெட்டும் உயரம் ஒன்றுதான்.

ஆகவே புல்வெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எழுப்ப வேண்டிய முதல் கேள்வி, நான் எந்த உயரத்தில் வெட்டப் போகிறேன் என்பது. இயந்திர வகைகள் பிரிவதும் அங்கேதான். முதல் புல்வெட்டி பிறந்தது கம்பளி ஆலையின் பக்கத்தில். குளொஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுட் நகரை அடுத்த த்ரப்பைச் சேர்ந்த பொறியாளர் எட்வின் பியர்ட் பட்டிங், துணியின் மேல் எழும் பஞ்சிழைகளைச் சீராகக் கத்தரிக்கும் இயந்திரத்தைப் பார்த்து, அதே முறையில் புல்லையும் கத்தரிக்கலாம் என்று 1830இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் புல்தரை என்பது நீண்ட பிடி கொண்ட அரிவாளோடு பனி காயாத விடியலில் வரிசையாக நின்று வெட்டும் கூலியாட்களை வைத்திருக்க முடிந்தவர்களின் சொத்து. பட்டிங்கின் வடிவம்தான் இன்றும் சிலிண்டர் புல்வெட்டியாக இருக்கிறது. திருகிய அலகுகள் கொண்ட உருளை சுழல, கீழே நிலையாக இருக்கும் இரும்புப் பட்டையோடு ஒவ்வொரு அலகும் உரசி, புல்லைக் கத்தரிக்கோலைப் போல நறுக்குகிறது. வெட்டு சுத்தமாக இருக்கும். 6 மில்லிமீட்டரிலிருந்து 25, 30 மில்லிமீட்டர் வரை இதற்கு இணை இல்லை. உருளையில் எத்தனை அலகு வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு வெட்டுகளுக்கு இடையிலான தூரம் வெட்டும் உயரத்தைவிடக் கூடாமல் இருக்க வேண்டும். கூடினால் தரை அலையலையாகத் தெரியும். கோல்ஃப் பச்சைகளில், அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரைகளில், உயரம் சில மில்லிமீட்டர் என்பதால் 10, 12 அலகுகள் தேவைப்படுகின்றன. 2.5 சென்டிமீட்டரில் வெட்டும் வீட்டுக்கு ஐந்தாறு அலகுகளே போதும். கூடுதல் அலகுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண். இந்த வகைக்குக் குறையும் உண்டு. உயர்ந்த புல்லை வெட்டாமல் சாய்த்துவிட்டுப் போகும். சிறு குச்சியும் கல்லும் அலகைப் பழுதாக்கும். மண்புழு எச்சத்தை அதன் உருளை அப்பிப் பூசிவிடும். எச்சத்தில் உள்ள மணல் அலகை மழுக்கும். காய்ந்த பிறகு எச்சத்தைத் துடைப்பத்தால் சிதறடித்துவிட்டு வெட்டும் பொறுமை இல்லாதவருக்கு, புழுக்கள் நிறைந்த நல்ல மண்ணில் சிலிண்டர் ஒத்துவராது. அப்போது மாற்ற வேண்டியது இயந்திரத்தை, மண்புழுக்களை அல்ல.

ரோட்டரி வகையில் ஒரு தட்டையான அலகு கிடைமட்டமாகச் சுழல்கிறது. கீழே எதிர்ப்பட்டை கிடையாது. புல் சாய்வதற்குள் வேகத்தால் அடித்து வெட்டுகிறது. 46 சென்டிமீட்டர் அலகு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் முனை நொடிக்கு 72 மீட்டர் வேகத்தில் போகும். அது மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர். இந்த வேகம்தான் அதன் பலம், கூர்மை குறைந்தால் அதுவே அதன் குற்றமும். கூரிய அலகு வெட்டிய இலையின் முனை பச்சையாக, நேர்கோடாக இருக்கும். மழுங்கிய அலகு அடித்த இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் நுனி நார் நாராகப் பிரிந்து, இரண்டொரு நாளில் வெளுத்திருக்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போது புல்தரை முழுவதும் சாம்பல் பூத்ததுபோலத் தெரிவது உரக் குறைவால் என்று பலர் எண்ணுகிறார்கள். பாதி நேரம் அது அலகின் குற்றம். நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட சோதனையில், மழுங்கிய அலகால் வெட்டப்பட்ட புல்தரையின் தரம் தாழ்ந்தது, இயந்திரம் குடித்த பெட்ரோலும் சுமார் 22% கூடியது. ரோட்டரி அலகைக் கழற்றி அரத்தால் தேய்ப்பதும், நடுவில் தொங்கவிட்டு இரு பக்கமும் சம எடையா என்று பார்ப்பதும் யாரும் செய்யக்கூடிய வேலை. செய்வதற்கு முன் மின் இணைப்பையோ பேட்டரியையோ ஸ்பார்க் பிளக் கம்பியையோ அகற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். சிலிண்டருக்கோ அலகுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு காகிதத் துண்டை வைத்து, உருளையைக் கையுறை அணிந்த கையால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். பட்டையின் நீளம் முழுக்கக் காகிதம் சுத்தமாக நறுங்கினால் சரி. மடிந்தோ கிழிந்தோ வந்தால் திருகைச் சரிசெய்ய வேண்டும், அதிலும் சரியாகாவிட்டால் கடையில் சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும். தானே சாணை பிடிக்க முடிகிற எளிய ரோட்டரி, பத்தாண்டு சாணையே காணாத விலையுயர்ந்த சிலிண்டரைவிடப் புல்லுக்கு நல்லது. வாங்கும்போது இதைச் சொல்லும் கடைக்காரர்கள் குறைவு.

மற்ற வேறுபாடுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். பின்னால் உருளை இருந்தால் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கோடுகள் தெரியும். அழகுக்கு நல்லது, ஓரங்களில் சக்கரம் சரியாமல் வெட்டவும் உதவும், ஆனால் நலத்துக்குச் சம்பந்தமில்லை. சுவீடனின் கார்ல் டால்மன் 1960களில் கொண்டுவந்த ஃப்ளைமோ போன்ற காற்றில் மிதக்கும் வகை, சரிவுகளுக்கு உகந்தது. சக்கரம் இல்லாததால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி மட்டுப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. பெட்ரோலா பேட்டரியா என்ற கேள்வி புல்லைப் பொறுத்தவரை இரண்டாம்பட்சம். பேட்டரியின் சத்தமும் புகையும் குறைவு, சிறிய, நடுத்தரத் தோட்டங்களுக்கு அதுவே போதும். ரோபோ வெட்டிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஹஸ்க்வர்னா 1995இல் சூரிய ஒளியில் இயங்கும் முதல் மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவை தினமும் சில மில்லிமீட்டர் மட்டுமே வெட்டுகின்றன, எடை குறைவு என்பதால் மண்ணை அழுத்துவதில்லை, நுனிகளை அங்கேயே விடுகின்றன. மூன்றில் ஒரு பங்கு விதியை மனிதர்களைவிட ஒழுங்காகக் காப்பாற்றுபவை இவையே. ஆனால் இரவில் நடமாடும் முள்ளெலிகளுக்கு இவை ஆபத்தானவை. சோஃபி லுண்ட் ராஸ்முசென் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 18 மாதிரிகளை, வேறு காரணங்களால் இறந்த முள்ளெலிகளின் உடல்களை வைத்துச் சோதித்தார்கள். பல மாதிரிகள் அவற்றைத் தொட்ட பிறகே உணர்ந்தன, சில கடுமையாக வெட்டின. பகலில் மட்டும் ஓடவிடுவது என்ற எளிய கட்டுப்பாட்டை வாங்குபவர் கட்டாயம் ஏற்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். விம்பிள்டன் ஆடுகளங்களில் புல் 8 மில்லிமீட்டரில்தானே நிற்கிறது, அது ஆரோக்கியமாக இல்லையா? இருக்கிறது. ஆனால் 2001 முதல் அங்கே விதைப்பது முழுக்க முழுக்க பெரனியல் ரைகிராஸ் என்ற ஒரே வகை, அதிலும் மிதிபடுவதைத் தாங்கத் தேர்ந்தெடுத்த ரகங்கள். ஆண்டு முழுவதும் பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், போட்டி நாட்களில் தினமும் வெட்டுகிறார்கள், போட்டி முடிந்ததும் களத்தைப் புதுப்பித்து மீண்டும் விதைக்கிறார்கள். கோல்ஃப் பச்சைகளைக் காட்டுபவர்களுக்கும் இதே பதில். அங்கே மெல்லிய அலகுகளால் அடிக்கடி செங்குத்தாக வெட்டுவது உண்மை. படரும் பெண்ட் புல், தினசரி வெட்டு, மேலே தூவும் மணல், பாசனம் எல்லாம் சேர்ந்த ஒரே ஏற்பாட்டின் பகுதி அது. பந்து நேராக உருள வேண்டும் என்பதற்காகச் செய்வது. அந்த ஏற்பாட்டிலிருந்து கீறுவதை மட்டும் உருவி எடுத்து, சனிக்கிழமை மட்டும் கவனிக்கப்படும் வீட்டுப் புல்தரையில் பொருத்தினால் காயம் மட்டுமே மிஞ்சும். குழந்தைகள் ஓடியாடும் சாதாரணப் புல்தரைக்கு இரண்டரையிலிருந்து நான்கு சென்டிமீட்டர் உயரமே சரி. நிழலிலும் வறண்ட கோடையிலும் அதன் மேல் எல்லையை ஒட்டியே வெட்ட வேண்டும். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. அத்தகைய கோடைகள் இனி அபூர்வம் அல்ல என்ற நிலையில், ஆழ வேரோடிய உயரமான புல் ஒரு காப்பீடு.

இப்போது கீறும் தேவைக்கு வருவோம். முதல் வேலை இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது அல்ல, அளப்பது. கூரிய கத்தியால் புல்தரையில் கேக் வெட்டுவதுபோல ஒரு சிறிய முக்கோண ஆப்பை வெட்டி எடுக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் மேலே பச்சை, கீழே மண், இடையில் பழுப்பு நார் என்று தெளிவாகத் தெரியும். அந்த நாரை விரலால் அழுத்தி ஒரு அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் கீறத் தேவையில்லை. ஆப்பைத் திரும்பப் பொருத்தி மிதித்துவிட்டுப் போகலாம். இரண்டு மூன்று இடங்களில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் நிழலடியில் ஒன்றும் வெயிலில் ஒன்றுமாக இருக்கும். எந்தப் புல் என்பதும் முக்கியம். ரைகிராஸ் தூராக வளரும், படராது, அதில் சருகுமெத்தை அரிதாகவே தடிக்கும். படரும் சிவப்பு ஃபெஸ்க்யூவும் பெண்ட் புல்லும் கலந்த மெல்லிலைத் தரைகளே அதிகம் சேர்ப்பவை. பிரிட்டனில் குடும்பப் பயன்பாட்டுக்கென விற்கும் விதைக் கலவைகளில் ரைகிராஸ் மிகுந்தவை ஏராளம். அத்தகைய தரையை ஆண்டுதோறும் கீறுபவர், இல்லாத நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்கிறார். இந்தச் சடங்குக்கு எதிராகவே இந்தக் கட்டுரை இவ்வளவு தூரம் பேசுகிறது. ஒவ்வொரு கீறலும் நல்ல தூர்களையும் சேர்த்தே பிடுங்குகிறது, தரையைத் திறக்கிறது, அந்தத் திறப்பில் முதலில் முளைப்பது பெரும்பாலும் நாம் விரும்பாத போவா அனுவா என்ற ஓராண்டுப் புல்லும் பாசியும்தான்.

அளந்து பார்த்து, மெத்தை தடித்திருந்தால், கீறுவது நியாயம். அப்போது காலம் எல்லாவற்றையும்விட முக்கியம். பிரிட்டனின் புற்கள் குளிர்ப்பருவப் புற்கள். வசந்தத்திலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் அவற்றுக்கு வேகம். ஆழமாகக் கீற ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிய உள்ள வாரங்களே உகந்தவை. மண் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், மழை வரும், குளிர்காலத்துக்கு முன் புல் மூடிக்கொள்ள அவகாசம் உண்டு. ஏப்ரலில் செய்வதானால் கம்பிப் பல் வாரியால் மேலோட்டமாக வாருவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வசந்தத்தில் ஆழக் கீறிய தரையை வறண்ட மே, ஜூன் மாதங்கள் பிடித்தால் கோடை முழுவதும் அது தேறாது. பாசி மிகுந்திருந்தால் முதலில் இரும்பு சல்ஃபேட் தெளித்து, அது கருகிச் செத்தபின், அதாவது இரண்டு வாரம் கழித்துத்தான் கீற வேண்டும். பாசிக்கு வேர் கிடையாது, உயிரோடு துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் புதிதாகப் பரவும். இரும்பு சல்ஃபேட் கல் தளத்தில் பட்டால் துருக்கறை போகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கீறும் நாளில் புல்லை வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்வாக, இரண்டு கட்டங்களில் வெட்டிவிட்டு, மண் ஈரமாக இருந்தும் சேறாக இல்லாத நிலையில் தொடங்க வேண்டும். முதல் ஓட்டத்தில் பற்கள் சருகை மட்டும் தொடும்படி வைத்து, அடுத்த ஓட்டத்தில் கொஞ்சம் இறக்க வேண்டும். இரண்டாம் ஓட்டம் முதலாவதற்குச் செங்குத்தாக வேண்டாம், சாய்கோணமாகப் போகட்டும். செங்குத்தாகப் போனால் தரை சிறு சிறு கட்டங்களாகத் துண்டுபட்டுப் பெயர்ந்து வரும்.

கீறி முடித்ததும் குவியும் சருகின் அளவு முதல்முறை பார்ப்பவரை அதிர வைக்கும். ஒரு சிறிய தோட்டத்திலிருந்தே சாக்குச் சாக்காக வரும். தரையோ அழிந்துவிட்டதுபோல் நாலைந்து வாரம் கிடக்கும். அதில் பதறிப்போய் நைட்ரஜன் உரத்தைக் கொட்டுகிறவர்கள், இதே மெத்தைக்கு அடுத்த அடித்தளத்தை இடுகிறார்கள். அந்தச் சமயத்தில் வேண்டியது விதை. புதுத் தரைக்குத் தூவுவதில் பாதியளவு போதும். அதன் மேல் சலித்த மண்ணும் மட்கும் கலந்து, புல் நுனி மூழ்காதபடி மெல்லியதாகத் தூவி வாரிவிட வேண்டும். இந்த மேல்மண்தான் கீறுவதைவிடவும் நீடித்த பலன் தருவது என்று வாதிட இடமுண்டு, ஏனென்றால் மெத்தைக்குள் மண் கலந்தால்தான் நுண்ணுயிரும் புழுவும் அதற்குள் குடியேறும். மண் இறுகியிருந்தால் குழாய்ப்பல் கொண்ட முட்கரண்டியால் மண்ணை உருளை உருளையாகப் பெயர்த்து எடுத்துவிட்டு அந்தத் துளைகளில் இதை நிரப்பலாம். மண்ணின் அமிலத்தன்மையைச் சோதித்துப் பார்த்து, அளவுக்கு மீறியிருந்தால் மட்டும் சுண்ணாம்பு இட வேண்டும். பாசி தெரிந்தாலே சுண்ணாம்பு என்பது தவறான பழக்கம், ஏனென்றால் நிழலில் வளரும் பாசிக்கு அமிலம் ஒரு பொருட்டே அல்ல.

இவ்வளவு உழைப்புக்குப் பதில் புல்லை அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் இன்று அதிகம். பிளாண்ட்லைஃப் அமைப்பு 2019இல் தொடங்கிய மே மாதம் வெட்டாதீர் இயக்கம் பிரிட்டனில் பரவலாகப் பேசப்படுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. தேனீக்களுக்கு டேண்டிலயனும் குளோவரும் தேவை. ஆனால் வெட்டாமல் விடுவதும் ஒரு பராமரிப்பு முறைதான், பராமரிப்பின்மை அல்ல. முழங்கால் உயரம் வளர்ந்ததை ஜூன் முதல் நாள் ஒரேயடியாக இரண்டரை சென்டிமீட்டருக்கு இறக்கினால், கிரைடர் கண்ட வேர் நிறுத்தம் கோடை வெயிலோடு சேர்ந்து வரும். உயரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வெட்டிய நீண்ட புல்லை அள்ளிவிடவும் வேண்டும், வெட்டிய நுனிகளைத் தரையிலேயே விடும் வழக்கம் இங்கே பொருந்தாது. இதற்குச் சிலிண்டர் பயன்படாது. ஆகவே தோட்டத்தின் ஒரு பகுதியைக் காட்டுப்பூவுக்கு விட நினைப்பவர், முதலிலேயே உயரம் கூட்டக்கூடிய ரோட்டரியை வாங்குவதே சரி.

தமிழ்நாட்டில் புல்தரை வளர்ப்பவர்கள் இந்தக் காலக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஊட்டி போன்ற மலைகளை விட்டால், இங்குள்ளவை வெப்பப்பருவப் புற்கள். உலக விளையாட்டு மைதானங்களில் பெர்முடா புல் என்று போற்றப்படுவது நம் அறுகம்புல். தரைமேலும் தரைக்கடியிலும் தண்டு விட்டு ஓடும் அதன் இயல்பு, வறட்சியை வெல்லும் பலமாக இருப்பதோடு சருகுமெத்தையை வேகமாகச் சேர்க்கும் காரணமாகவும் இருக்கிறது. நகரத்து வீடுகளில் கொரியன் கிராஸ் என்று பதிக்கும் சோய்சியா வகை இன்னும் மெதுவாக மட்கும். சில ஆண்டுகளில் கால் புதையும் மேடு பள்ளமாக உப்பிவிடும். அதைப் பஞ்சுமெத்தைபோல் இருக்கிறதென்று மகிழ்பவர்கள், அதன் அடியில் வேர் மண்ணைத் தொடாமல் கிடப்பதைப் பார்ப்பதில்லை. இங்கே கீற வேண்டுமானால் புல் முழுவேகத்தில் வளரும் வெப்ப மாதங்களில், மழை பெய்து மண் நனைந்த பிறகு. மார்கழிக் குளிரில் அல்ல. அறுகம்புல் தாழ்ந்த வெட்டைத் தாங்கும், அடிக்கடி வெட்டினால் அடர்த்தி கூடும். அதனால் இங்கே கையால் தள்ளும் சிலிண்டருக்கும் நல்ல இடம் உண்டு. அளந்து பார்ப்பது, கூர்மை பார்ப்பது, மண்புழுவைக் காப்பது, உரத்தை அளவோடு இடுவது ஆகியவை எங்கும் ஒன்றே.

எனவே ஒருவருக்கு வாங்க ஒரே இயந்திரத்துக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், அது உயரத்தைத் துல்லியமாக மாற்றக்கூடிய, அலகைக் கழற்றிச் சாணை பிடிக்க எளிதான, வேண்டும்போது நுனிகளைத் தரையிலேயே விடக்கூடிய புல்வெட்டியாக இருக்கட்டும். தரையில் விடப்படும் நுனிகள் புல்லுக்குத் தேவையான நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்கைத் திருப்பித் தரும், அந்த அளவுக்கு உரச் செலவும் குறையும். கீறும் இயந்திரத்தைச் சொந்தமாக வாங்க வேண்டிய வீடுகள் மிகச் சில. தேவைப்படும் ஆண்டில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். எந்த ஆண்டு தேவை என்பதை, ஆகஸ்ட் நடுவில் வெட்டி எடுக்கும் அந்த ஒரு ஆப்பு சொல்லிவிடும்.